தத்துப் பத்திரத்தை மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் தமிழ் ஆவணங்களை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தரும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு,

வணக்கம்.

தமிழ்நாட்டில் இருக்கும் சொந்தக்காரக் குழந்தையைத் தத்தெடுக்கும் குடும்பங்கள் ஒரு பிளாஸ்டிக் உறையோடு உங்களிடம் வருகின்றன. உள்ளே முத்திரைத்தாளில் எழுதிய தத்துப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், பெற்றவர்களின் சம்மதக் கடிதம். அவற்றுக்கு நீங்கள் போடும் ஆங்கிலச் சொல்லை வைத்துத்தான் குடும்ப நீதிமன்றமும், சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சும், குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையமும் முடிவெடுக்கின்றன. இந்தக் கோப்புகளைச் சரிபார்க்க உதவும் நாங்கள் உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: தாளில் இருப்பதை இருக்கிறபடி எழுதுங்கள். திருத்தவும் வேண்டாம், ஊகித்து நிரப்பவும் வேண்டாம்.

முதலில் 'வளர்ப்பு' என்ற சொல். தத்து, சுவீகாரம் இரண்டும் ஒன்றே. வளர்ப்பு வேறு, அது சட்டப்படி தத்தெடுக்காமல் வளர்ப்பது. "2019 முதல் வளர்ப்பு மகளாக எங்களிடம் இருந்து வருகிறாள்" என்று பத்திரத்தில் ஒரு வரி இருக்கும். அதையும் 'அடாப்ஷன்' என்று எழுதிவிட்டால், 2019லேயே தத்து முடிந்துவிட்டதாகப் படிப்பவர் எடுத்துக்கொள்வார். பத்திரமோ 2024ல் பதிவானது. எது உண்மை என்ற கேள்வி அங்கேயே கிளம்பும். இந்தியாவின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம் 1956, ஏற்கெனவே தத்துப்போன குழந்தையை மறுபடி தத்தெடுக்க அனுமதிப்பதில்லை. அதனால் இதைச் சின்னப் பிழை என்று ஒதுக்க முடியாது.

அதே சட்டத்தின் 11ஆம் பிரிவு, குழந்தையை உண்மையாகவே ஒருவர் கொடுத்திருக்க வேண்டும், மற்றவர் பெற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்கிறது. தத்த ஹோமம் என்ற தத்தெடுப்புச் சடங்கு கட்டாயமில்லை. கொடுத்து வாங்குவது கட்டாயம். பத்திரத்தில் இது "மனப்பூர்வமாகத் தத்துக் கொடுத்து, மேற்படியார் பெற்றுக்கொண்டு" என்று ஒரே மூச்சில் வரும். நீண்ட வாக்கியத்தைச் சுருக்கும்போது 'பெற்றுக்கொண்டு' உதிர்ந்துபோகிறது. பத்திரத்தின் உயிரே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. வாக்கியம் ஆங்கிலத்தில் எவ்வளவு கரடுமுரடாக வந்தாலும் பரவாயில்லை, இரண்டு வினையும் இருக்கட்டும். (கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்கள் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் வழியாக வருவார்கள். அந்தக் கோப்பில் தத்துப் பத்திரமே இருக்காது.)

அந்தச் சிறார் நீதிக் கோப்புகளில் 'ஒப்படைப்பு' என்ற சொல்லைக் கவனியுங்கள். குழந்தை நலக் குழுவின் முன் பெற்றவர்கள் எழுதிக் கொடுக்கும் ஒப்படைப்பு 'சரண்டர்'. மறுபரிசீலனைக்கு அவர்களுக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. சம்மதம் 'கன்சென்ட்'. ஒன்றுக்குப் பதில் மற்றது வந்தால், அந்த அவகாசம் முடிந்ததா என்று தேட வேண்டிய இடத்தில் யாரும் தேட மாட்டார்கள்.

'பொறுப்பு' என்பதிலும் இதே ஆபத்து. "பாட்டியின் பொறுப்பில் வளர்கிறான்" என்றால் பாட்டி சோறு போட்டு வளர்க்கிறார் என்பது மட்டுமே பொருள். அவரை 'லீகல் கார்டியன்' ஆக்கிவிடாதீர்கள். 1956 சட்டப்படி பெற்றவர்கள்தான் தத்துக் கொடுக்க முடியும். பெற்றவர்கள் இருவரும் இறந்துவிட்டது போன்ற சில நிலைகளில் பாதுகாவலர் கொடுக்கலாம், அதற்கும் நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். நீங்கள் அந்தச் சொல்லைப் போட்டால் அனுமதி ஆணை எங்கே என்று கேட்பார்கள். இல்லாத தாளைத் தேடிக் குடும்பம் அலையும்.

எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது உறவுமுறைச் சொற்கள். சிறார் நீதிச் சட்டத்தில் 'உறவினர்' என்றால் அப்பாவின் அல்லது அம்மாவின் உடன்பிறந்தவர்கள், இரு பக்கத்துத் தாத்தா பாட்டி, அவ்வளவுதான். நம் பேச்சிலோ அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பியும் சித்தப்பா, பெரியப்பா மகனும் அண்ணன். "சித்தப்பா முறை" என்று தாள் சொல்வதை 'பேட்டர்னல் அங்கிள்' என்று எழுதினால், சட்டத்தின் உறவினர் பட்டியலில் இல்லாத ஒருவரை அதற்குள் தள்ளிவிட்டீர்கள். பிறகு குடும்ப அட்டையும் வாரிசுச் சான்றிதழும் வேறு தாத்தா பெயரைக் காட்டும்போது, பொய் சொன்னதாக நிற்பது அந்தக் குடும்பம். சொல்லைத் தமிழ் ஒலியிலேயே எழுதி, பக்கத்தில் நேர்ப்பொருளைப் போடுங்கள். உடன்பிறந்தவரா, ஒன்றுவிட்டவரா என்று மூலத்தில் இல்லையென்றால் இல்லை என்றே குறிப்பெழுதுங்கள். உறவை விளக்குவது குடும்பத்தின் சத்தியப் பிரமாணத்தில் வர வேண்டிய வேலை.

அடுத்து பெயர். இங்கே பிறந்தவர் அடையாள அட்டையில் லெட்சுமி என்பதை எல், ஈ, டி, சி, எச் என்று தொடங்கி எழுதியிருப்பார். ஊரில் உள்ள பத்திரத்தில் தமிழில் லட்சுமி. காதில் விழுவதை வைத்து எல், ஏ, கே, எஸ், எச் என்று போட்டால் கோப்பில் இரண்டு பெண்கள் ஆகிவிடுவார்கள். தலைப்பெழுத்தும் அப்படியே: தாளில் 'க. முருகன்' என்றுதான் இருக்கிறதென்றால் அதை விரித்து 'கந்தசாமி மகன்' ஆக்காதீர்கள். வேலையைத் தொடங்குமுன் ஒரு தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொருவரின் பெயரும் கடப்பிதழ், அடையாள அட்டை, ஆதார், பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பத்திரம் ஆறிலும் எப்படி இருக்கிறதென்று குடும்பத்தையே எழுதித் தரச் சொல்லுங்கள். அரை மணி நேரம் பிடிக்கும். எங்கெல்லாம் 'இருவரும் ஒருவரே' என்ற பிரமாணம் தேவை என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் காலி என்றே எழுதுங்கள். இந்தியாவில் பெயரில்லாமல் பிறப்பைப் பதியலாம். 12 மாதம் வரை கட்டணமின்றியும், 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடும் பெயரைச் சேர்க்க வழியுண்டு. பிறந்த தேதி ஒரு நாள் முன்பின் இருந்தாலும் தொடாதீர்கள். அதிகாலை 2 மணிக்குப் பிறந்த குழந்தைக்கு, சூரிய உதயத்தில் நாள் தொடங்கும் வழக்கப்படி பெரியவர்கள் முந்தைய நாளைச் சொல்வார்கள், மருத்துவமனை மறுநாளை எழுதியிருக்கும்.

வரிசையும் முக்கியம். மூலத்துக்கு இந்திய வெளியுறவு அமைச்சின் அபோஸ்டில் (வெளிநாட்டில் காட்டுவதற்கான சான்று முத்திரை) கிடைத்த பிறகு மொழிபெயர்ப்பைத் தொடங்குங்கள். முன்னால் செய்தால், பின்பக்கத்தில் சேரும் முத்திரைகள் உங்கள் பிரதியில் இருக்காது. அபோஸ்டில் கையெழுத்துக்கும் முத்திரைக்கும்தான் சான்று. உள்ளே எழுதியிருப்பது சரியென்று அது சொல்வதில்லை. நோட்டரியும் உங்கள் கையெழுத்தைத்தான் சான்றளிக்கிறார். மொழிபெயர்ப்பின் பொறுப்பு முழுவதும் உங்களுடையது. நோட்டரி ரிப்பன் கட்டி முத்திரை ஒட்டிய தாள்களை, ஸ்கேன் செய்வதற்காகக்கூடப் பிரிக்காதீர்கள்.

1993ஆம் ஆண்டின் ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையில் இந்தியா இருக்கிறது, சிங்கப்பூர் இல்லை. ஆகவே அங்கே எல்லாம் முடிந்து வந்த கோப்பும் இங்கே குடும்ப நீதிமன்றத்தில் முதல் பக்கத்திலிருந்து படிக்கப்படும். 2024 அக்டோபர் 15 முதல் சிங்கப்பூரில் புதிய தத்தெடுப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. பழைய கோப்புகளின் மாதிரியை அப்படியே நகலெடுப்பதை நிறுத்துங்கள். நீதிமன்ற ஆணை கிடைத்த பிறகும் குழந்தையின் குடியுரிமைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அப்போதும் போவது இதே மொழிபெயர்ப்புதான்.

சந்தேகம் வந்தால் குடும்பத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலை மொழிபெயர்ப்புக்குள் நுழைக்காமல், அவர்களுடைய வழக்கறிஞரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தத்தெடுப்புக் கோப்புகளைச் சரிபார்க்க உதவும் தன்னார்வலர்கள்
சிங்கப்பூர்