ஆடியில் விதைத்த மருமகளுக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேசியது கொஞ்சம், பேசாமல் இருந்தது நிறைய. வைக்கப் போகும்போது, "ஆச்சி சொன்னதெல்லாம் பொய் அத்தை" என்றாய். அதற்கு அப்போதே பதில் சொல்ல வாய் வரவில்லை. உன் மாமா வேறு பக்கத்தில் உட்கார்ந்து நியூஸை அலறவிட்டிருந்தார். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ அனுப்பிய போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். உளுந்து ரெண்டு இலை விட்டிருக்கிறது. இலை ஓரம் சுட்ட அப்பளம் மாதிரி சுருண்டு கிடக்கிறது. சாலுக்கு நடுவில் மண் அதற்குள் வாய் பிளக்க ஆரம்பித்துவிட்டது. ரெண்டு ஏக்கருக்கு 16 கிலோ விதை. சென்னையில் வேலையை விட்டு வந்து நீ போட்ட முதல் வெள்ளாமை. வயிறு எரியத்தான் செய்யும். எனக்கே எரிந்தது.

ஆனால் ஆச்சி பொய் சொல்லவில்லை. அவள் சொல்லாததை அவள் சொன்னதாக நீ எடுத்துக்கொண்டாய், அவ்வளவுதான்.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்று உன் வீட்டுச் சுவரில் தொங்குகிறதே ஒரு உரக்கடை காலண்டர், அதில் உள்ள வாசகம் அது. ஆச்சி வாயிலும் அந்தச் சொல் வரும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைத் தொடர்ந்து இன்னொன்றும் வரும்: "அது செவக்காட்டுக்காரன் சொல்லு, நமக்குப் புரட்டாசி." காலண்டரில் முதல் பாதியைத்தான் அச்சடித்திருக்கிறார்கள். ரெண்டாம் பாதியை அச்சடிக்க அவர்களுக்கு என்ன அக்கறை, அதே காலண்டரைத்தானே தர்மபுரிக்கும் அனுப்புகிறான்.

திருவண்ணாமலை, வேலூர், தர்மபுரிப் பக்கம் ஆடியில் சாயங்கால மழை ஒன்றிரண்டாவது எட்டிப்பார்க்கும். நிலமும் செம்மண். சின்ன மழையை உள்ளே வாங்கிக் கொஞ்சத்தில் செடிக்குக் கொடுத்துவிடும். மானாவாரி நிலக்கடலையை ஆடியில் போட்டால் ஒப்பேற்றிவிடலாம். அந்த ஊர்க்காரர்களுக்கு அது பொன்னான சொல். நம்ம ஊர் எங்கே இருக்கிறது? கோவில்பட்டிக்கும் எட்டயபுரத்துக்கும் நடுவில். தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை அந்தப் பக்கமே பிடித்துவைத்துக்கொள்ளும். மலை தாண்டி நம்மிடம் வருவது வெறும் காற்று. ஆடியில் கயத்தாறு வழியாகப் போனால் தெரியும், வரிசையாகக் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும். நம்ம பக்கம் ஆடியில் அறுவடை என்றால் அது காற்றாலைக்காரனுக்குத்தான்.

நீ விதைத்த அன்று பெய்தது ஒரு தூறல். கரிசல் மண் அப்படி லேசில் தண்ணீரைக் கொடுத்துவிடாது. களி மண், பிடித்தால் விடாத கஞ்சன். நனைந்தது மேலே நாலு விரல், அதிலும் பாதியை மண்ணே வைத்துக்கொள்ளும். முளை கிளம்ப அது போதும், வளரப் போதாது. விதை ஏமாந்தது அங்கேதான். (கிணற்றுப் பாசனம் இருந்தால் ஆடியிலும் தாராளமாகப் போடலாம். உன் கிணறு சித்திரையோடு சரி, அதை நான் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.)

சரி, புரட்டாசிக்கு ஆச்சி என்ன செய்வாள் என்று சொல்கிறேன். இதை யாரும் காலண்டரில் போட மாட்டார்கள்.

வேலை சித்திரையிலேயே தொடங்கிவிடும். கோடை மழை ஒன்று விழுந்ததும் நிலத்தைப் புரட்டிப் போட்டுவிடுவார்கள். கட்டி கட்டியாகக் கிடந்து மூன்று மாதம் வெயில் குடிக்கும். ஒரு பலம் புழுதி கால் பலம் ஆகிற அளவுக்குக் காயவிட்டால் ஒரு பிடி எரு கூட வேண்டாம் என்று வள்ளுவர் உழவு அதிகாரத்தில் சொல்கிறாரே, அதேதான். ஆச்சிக்குக் குறள் தெரியாது, கையெழுத்தே அவளுக்குப் பெருவிரல்தான். "நிலம் வேகணும்" என்பாள். அப்புறம் புரட்டாசி பிறந்து, பெருமழை வருவதற்குப் பத்து நாளைக்கு முன்னால், காய்ந்த புழுதியிலேயே சோளத்தை விதைத்துவிடுவாள். மழைக்குப் பின் இல்லை, மழைக்கு முன். சின்ன வயதில் எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஈரமே இல்லாத மண்ணில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதா?

அவள் சூட்சுமம் ஆழத்தில் இருந்தது. விதைத்துக்கொண்டு போகிற சாலில் அங்கங்கே குனிந்து ஆள்காட்டி விரலைக் குத்துவாள். நுனியிலிருந்து ரெண்டாவது கணு வரை விரல் போய் விதையைத் தொட வேண்டும். முதல் கணுவிலேயே விதை தட்டுப்பட்டால் ஏர் பிடிக்கிறவர் அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொள்வார். உன் தாத்தாவேதான் பல நாள் ஏர் பிடித்தது, அவருக்கும் அதே மரியாதைதான். அந்த ஆழத்தில் கிடக்கிற விதையை ஒரு தூறல் தொடாது. ஒரு உழவு மழை, அதாவது ஏர் இறங்குகிற அளவுக்கு ஈரம் போகிற மழை, பெய்தால்தான் நனையும். அந்த மழை பெய்துவிட்டால் முளைத்ததைக் காப்பாற்றுகிற ஈரமும் மண்ணில் இருக்கும். விதைக்கு அவள் வைத்த பூட்டு அது. சாவி பெரிய மழையிடம்.

பல வருடம் கழித்து, கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் நடந்த ஒரு பயிற்சிக்கு நான் போயிருந்தேன். மானாவாரிச் சோளத்தைப் பருவமழைக்கு முன்பே 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விதைக்க வேண்டும், நல்ல மழை கிடைத்தால்தான் முளைக்கும் என்று போர்டில் எழுதிப்போட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் தையல் டேப்பை எடுத்து என் விரலை அளந்தேன். ரெண்டாவது கணுவுக்கு அஞ்சுக்கு ஒரு நூல் குறைவு. ஆச்சி விரல் என் விரலைவிட நீளம்.

அந்தப் பயிற்சியில் சொன்ன ஒன்று ஆச்சிக்குத் தெரியாதது. விதையைப் பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில், 100 லிட்டருக்கு 2 கிலோ கணக்கில், 6 மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தி விதைத்தால் வறட்சியைத் தாங்கும் என்றார்கள். விதையைக் கடினப்படுத்துவது என்று பெயர். நானும் செய்து பார்த்தேன், பலன் இருந்தது. ஆச்சி செய்யவில்லையே என்று நீ அதை ஒதுக்காதே. கிடைத்திருந்தால் அவள்தான் முதல் ஆளாக வாளியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றிருப்பாள்.

ஆச்சியின் எல்லாச் சொல்லும் இப்படி நிற்கும் என்று நினைத்துவிடாதே. "கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை" என்பாள். 2023-ல் என்ன ஆனது? மார்கழி பிறந்த கையோடு, டிசம்பர் 17, 18-ல், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை உடைத்து ஊருக்குள் வந்தது. கார்த்திகை முடிந்தது, இனிமேல் பயம் இல்லை என்று தூங்கியவர்களைக் கூரை மேல் ஏற்றியது அந்த மழை. பல வருடம் பார்த்துச் சொன்ன சொல்தான், ஆனால் வானம் அதைப் படித்துவிட்டா வருகிறது. பழமொழியையும் கேள், செல்போனில் வருகிற வானிலை எச்சரிக்கையையும் பார்.

"கிட்ட வட்டம் எட்ட மழை, எட்ட வட்டம் கிட்ட மழை" மட்டும் என்னை அவ்வளவாக ஏமாற்றியதில்லை. நிலாவைச் சுற்றிப் பெரிய வட்டம் தெரிந்தால் மேலே உயரத்தில் பனித்துகள் மேகம் பரவியிருக்கிறது என்று அர்த்தம். பெரிய மழைக்கு முன்னால் அந்த மேகம் வருவது உண்டு. வந்தால் மழை நிச்சயம் என்று இல்லை. களத்தில் காய்கிறதை மூடிவைக்க அந்த அளவு சந்தேகம் போதும்.

இன்னொன்று இருக்கிறது. "நெல்லுக்கு நண்டோட, கரும்புக்கு ஏரோட, வாழைக்கு வண்டியோட, தென்னைக்குத் தேரோட" என்று இடைவெளிக்கு ஒரு சொல். நண்டு ஓடுகிற சந்து நெல்லுக்கு, தேர் போகிற தெரு தென்னைக்கு. இன்றைக்கும் தென்னைக்கு 25 அடி விடச் சொல்கிறார்கள், தேர் போய்விடும். ஆச்சி இதைப் பாட்டாகவே பாடுவாள். ஆனால் ஆயுசில் அவள் ஒரு நாற்று நட்டதில்லை, நம்ம காட்டில் நண்டு ஏது? தஞ்சாவூர்ச் சொல் யார் வாயிலோ ஏறி கரிசலுக்கு வந்திருக்கிறது. அழகுக்கு வைத்துக்கொண்டாள். அதில் தப்பில்லை, உபயோகத்துக்கு எது, அழகுக்கு எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது செல்போனில் வேறு, இந்தப் பழமொழியின் "உண்மையான அர்த்தம்" இதுதான் என்று நாளுக்கு ஒன்று வருகிறது. மண் குதிரை இல்லை, மண் குதிர். ஆயிரம் பேரைக் கொன்றவன் இல்லை, ஆயிரம் வேரைக் கொன்றவன். சிலது சரியாக இருக்கலாம். பாதி, யாரோ உட்கார்ந்து ஜோடித்தது போல இருக்கிறது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை.

நான் வேண்டாம் என்று தள்ளியதும் உண்டு. "முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்." முருங்கையைப் பற்றிச் சொன்னது சத்தியம், ஒடித்தால் பக்கக் கிளை விட்டுக் காய்க்கும். பிள்ளையைப் பற்றிச் சொன்னது? முருங்கையை ஒடித்த அதே கொம்பால் வாங்கியவள் நான், எனக்கு ஒரு கிளையும் கூடுதலாக விடவில்லை. என் பிள்ளைகள் மேல் நான் கை வைத்ததில்லை. "பொம்பள சிரிச்சா போச்சு" என்பதையும் நம்ம வீட்டில் யாரும் இனிமேல் சொல்லக் கூடாது. ஆச்சியே சொல்லிவிட்டு, அவளே முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள்.

கடைசியாக விதை விஷயம். கடையில் வாங்கி விதைத்துவிட்டு, அது வீணானதும் திரும்பக் கடைக்குப் போகிறாய். ஆச்சி தானியத்தைக் குலுக்கையில், அதாவது மண்ணால் செய்த தானியக் கூட்டில், கொட்டுவாள், விதையை அதில் சேர்க்க மாட்டாள். துவரை விதைக்கு வண்டு விழாமல் இருக்க, செம்மண்ணைக் குழைத்துப் பூசி வெயிலில் காயவைப்பாள். சோள விதை சாம்பலோடு சுரைக்குடுக்கைக்குள் போய், வாயில் துணி அடைத்து, அடுப்புக்கு மேல் புகையில் தொங்கும். எனக்குப் பத்து வயசு இருக்கும்போது ஒரு பஞ்சம். குலுக்கை அடியில் இருந்த துளையில் கையை விட்டால் மண்தான் வந்தது. நானும் உன் அப்பாவும் அந்தக் குடுக்கையையே பார்த்துக்கொண்டு படுத்திருப்போம். ஆச்சி இறக்கவில்லை. பக்கத்து வீட்டில் கேப்பை மாவு கடன் வாங்கி கூழ் காய்ச்சினாள். அன்றைக்கு அவளைத் திட்டிக்கொண்டே தூங்கினேன். புரட்டாசியில் அந்தக் குடுக்கையை இறக்கித்தான் விதைத்தோம்.

இப்போது ஆவணி நடக்கிறது. இன்னும் நாள் இருக்கிறது. காய்ந்த உளுந்தை அப்படியே மடக்கி உழுதுவிடு, மண்ணுக்காவது ஆகட்டும். விதைச்சோளம் 8 கிலோ என்னிடம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் நானே கொண்டு வருகிறேன். விதைப்பவரிடம் ஆழத்தைச் சொல்லிவை, டிராக்டர்க்காரர் அவசரத்தில் மேலாகப் போட்டுவிட்டுப் போவார். நீ சாலுக்குச் சால் பின்னால் நடந்து குத்திப் பார்க்க வேண்டும். நெயில் பாலிஷ் போனால் போகட்டும்.

ஆச்சியின் சுரைக்குடுக்கை உன் அப்பாவிடம்தான் இருக்கிறது. பரணில், பழைய டிரங்குப் பெட்டிக்குப் பின்னால். இல்லை என்று சொல்வான், நீ ஏணி போட்டு ஏறிப் பார்.

இப்படிக்கு,
அத்தை