பாப்பாவின் ஆராய்ச்சி பற்றி

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கர் இல்லாமலே தெருமுனை வரை போய் வருகிறாய் என்று படித்ததும்தான் மனசு ஆறியது. பிசியோ சொல்லிக்கொடுத்த பயிற்சியை வலிக்கிறது என்று மட்டும் விட்டுவிடாதே. இங்கே நாங்கள் நலம். ரிட்டயர் ஆன பிறகும் வாரத்தில் ஒருநாள் காலேஜுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு உடலியங்கியல் எடுக்கிறேன்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் பாப்பாவுக்கு டெக்சாஸில் பி.எச்டி. இடம் கிடைத்தது எனக்கும் பெரிய சந்தோஷம். தீக்காயம் பட்டவர்கள் உடல் தேறி வருவது பற்றிய ஆராய்ச்சி என்றதும் தங்கச்சி பயப்படுவது இயல்புதான். "புண் ஆறிவிட்டால் முடிந்தது, அதில் ஆராய என்ன இருக்கிறது?" என்று கேட்டாளாமே. நல்ல கேள்வி. டாக்டர்களே வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

உடம்பில் நாற்பது பர்சென்ட்டுக்கு மேல் வெந்துபோன ஒரு குழந்தையை நினைத்துப் பார். படுக்கையில் அசையாமல் கிடந்தாலும் அதன் உடல் செலவழிக்கும் சக்தி ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். அட்ரினலின் வகை ஹார்மோன்கள் வெள்ளமாகப் பாய்வதுதான் முக்கியக் காரணம் என்று அமெரிக்க அறுவை மருத்துவர் டக்ளஸ் வில்மோரும் அவருடைய குழுவினரும் 1974-இல் காட்டினார்கள். இதயம் ஓயாமல் வேகமாக அடிக்கும். புண்ணை ஆற்றப் புரதம் வேண்டுமே, அதற்காக உடல் தன் தசையையே கரைத்துக்கொள்ளும். தசைக்குள் சக்தி தயாரிக்கும் நுண்ணிய எஞ்சின்களான மைட்டோகாண்ட்ரியாவும், நியூட்ரலில் நிறுத்தி ஆக்சிலேட்டரை மிதித்த வண்டி மாதிரி, வேலை செய்யாமல் எரிபொருளை வெறும் சூடாக்கித் தீர்க்கும். வேறு இடத்துத் தோலை எடுத்து கிராஃப்டாக ஒட்டி, புண் மூடி, வீட்டுக்கு அனுப்பிய பிறகும் இது மாதக்கணக்கில் தொடரும். அம்மா ஊட்டி ஊட்டிப் பார்ப்பாள், பிள்ளை தேறாது.

இதைப் பொறுமையாக அளந்து காட்டிய இடம் டெக்சாஸ் கடலோரத்தில் இருக்கும் கால்வெஸ்டன் தீவு. அங்குள்ள ஷ்ரைனர்ஸ் குழந்தைகள் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் டேவிட் ஹெர்ன்டன் பல பத்தாண்டுகள் இந்த ஒன்றையே துரத்தினார். ராபர்ட் வுல்ஃப் என்ற விஞ்ஞானியின் முறைப்படி, கதிர்வீச்சு இல்லாத ஐசோடோப்பை அடையாளமாகச் சேர்த்த அமினோ அமிலத்தை (புரதத்தின் துணுக்கு) ரத்தத்தில் செலுத்துவார்கள். பிறகு காலுக்குப் போகும் ரத்தத்தையும் காலிலிருந்து திரும்பும் ரத்தத்தையும் ஒப்பிட்டு, தசை வளர்கிறதா கரைகிறதா என்று கணக்கிடுவார்கள். 2001-இல் 25 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். 13 பேருக்கு புரோப்ரனலால் கொடுத்தார்கள். அட்ரினலினின் வேலையைத் தடுக்கும், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பழைய, மலிவான மாத்திரைதான். அது பெற்ற குழந்தைகளின் தசைப் புரத நிகரக் கணக்கு (சேர்வதிலிருந்து கரைவதைக் கழித்தது) 82 சதவீதம் மேலே வந்தது. பெறாதவர்களுக்கு 27 சதவீதம் கீழே போனது. முதன்முதலில் படித்தபோது அந்த அட்டவணையை நான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரைவதைத் தடுக்க முடியும், அதுவும் நம் ஊர் மருந்துக்கடையில் கிடைக்கிற மாத்திரையால்!

அதே ஆண்டு அங்கே ஆஸ்கார் சுமனும் சகாக்களும் இன்னொன்று செய்தார்கள். காயம் பட்டு ஆறு மாதம் ஆன குழந்தைகளுக்கு 12 வாரம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பலமும் கூடியது, தசையும் கூடியது. இன்று பர்ன்ஸ் (தீக்காய சிகிச்சை) மையங்களில் உடற்பயிற்சியைச் சிகிச்சையாகப் பேசுகிறார்கள் என்றால் அதற்கு இந்த மாதிரி வேலைதான் அடிப்படை.

அதே டெக்சாஸின் டாலஸில் உடலியங்கியலாளர் கிரெய்க் கிராண்டலின் குழு வேறு பக்கம் பார்த்தது. ஒட்டிய தோல் வியர்க்காது, சூட்டில் அதன் ரத்தக்குழாய்களும் சரியாக விரியாது. காயம் சில மாதமே ஆனவர்களிடம் 2007-இல் இதைக் காட்டினார்கள். பிறகு நான்கு முதல் எட்டு வருடம் ஆனவர்களையும் சேர்த்துச் சோதித்து, அப்போதும் சரியாகவில்லை என்று 2009-இல் எழுதினார்கள். பாதி உடம்பு வியர்க்காத ஒருவர் சித்திரை வெயிலில் வேலைக்குப் போவதை யோசித்துப் பார். நம் ஊரில் அடுப்பில் வெந்து பிழைத்த பெண்கள் எத்தனை பேர் "உள்ளே எரியுது டாக்டர்" என்று சொல்லியிருப்பார்கள்! மனசுதான் காரணம் என்று அவர்களை அனுப்பிவிடுவது எனக்கு எப்போதும் தாங்காது. அவர்கள் சொன்னது உடம்பின் உண்மை.

பாப்பாவிடம் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது கைடு, அதாவது ஆராய்ச்சியை வழிநடத்தும் பேராசிரியர் பற்றி. இந்தத் துறையில் ஒரு நோயாளி தேற ஆகும் காலம் ஒரு மாணவரின் படிப்புக் காலத்தைவிட நீளம். ஐந்து வருடத்தில் பட்டம் வாங்கிவிடுவாள், ஆனால் அவள் முதல் நாள் சந்தித்த பையன் அப்போதும் வளர்ந்துகொண்டிருப்பான். அவனை அடுத்து யார் அளப்பது? அவள் உட்கார்ந்து அலசப்போகும் பாதித் தகவல், அவளுக்கு முன் இருந்தவர்கள் சேர்த்து வைத்தது. அவள் சேர்ப்பதில் பாதி அவளுக்குப் பின் வருபவர்களுக்குத்தான் பயன்படும். அதனால் மாணவர்களை வளர்க்கத் தெரியாத கைடால் இந்த ஆராய்ச்சியையே நடத்த முடியாது. மற்ற துறைகளில் அது கைடின் நல்ல குணம் என்று இருக்கலாம், இங்கே அது வேலையின் அடித்தளம். கால்வெஸ்டனில் பயின்ற ஸ்டீவன் வுல்ஃப், சான் அன்டோனியோவில் ராணுவ பர்ன்ஸ் மையத்தை நடத்தினார். மார்க் ஜெஷ்கி டொரன்டோவில் ஒரு பெரிய மையத்துக்குத் தலைமை ஏற்றார். ஒரே கேள்வி பல ஊர்களில் தொடர்ந்தது.

ஆகவே சேரும் முன் பழைய மாணவர்கள் இரண்டு மூன்று பேரிடம் அவள் பேசட்டும். கட்டுரைகளில் மாணவர் பெயர் முதலில் வருகிறதா, கைடு வாரத்தில் எத்தனை முறை வார்டுக்குப் போகிறார், டிஸ்சார்ஜ் ஆன குடும்பங்களை யார் போனில் கூப்பிடுகிறார்கள் என்றெல்லாம் கேட்கட்டும். மூன்றாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால் அந்த லேப் வேண்டாம். இன்னொன்று, டிரெஸ்ஸிங் மாற்றும் அறையில் முதல் மாதங்கள் கஷ்டமாகத்தான் இருக்கும். அந்த அறையையே சூடாக வைத்திருப்பார்கள், குழந்தைகள் அழும். ராத்திரி தூக்கம் வராது. யாரிடமாவது மனம்விட்டுப் பேச வேண்டும். அங்கே யாரும் கிடைக்காவிட்டால் எந்நேரமானாலும் இந்த மாமாவைக் கூப்பிடச் சொல்.

தங்கச்சியிடம் இந்தக் கடிதத்தை நீயே படித்துக் காட்டு. நான் மேலே சொன்ன கட்டுரைகளைப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் கூரியரில் வரும். விசாவுக்குச் சென்னை வரும்போது பாப்பா ஒருநாள் இங்கே தங்கிப் போகட்டும். அப்புறம், உன் எக்ஸ்ரே காப்பியையும் அவளிடம் கொடுத்தனுப்பு, எனக்குப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்