வடிகால் கடைவாயில் ஒருவழிக் கதவும் டீசல் பம்பும் அமைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பகுதிக் குடியிருப்போர், வட சென்னை.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள், பெருநகர சென்னை மாநகராட்சி, ரிப்பன் மாளிகை, சென்னை – 600 003.

பொருள்: புயல், வெள்ளம், வெயில் தாங்கும் வகையில் எங்கள் தெருக்களைச் சீரமைத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். வடிகால் கட்டிய தெருக்களிலும் தண்ணீர் நிற்கிறது. சிக்கல் வடிகால் கால்வாயில் திறக்கும் இடமான கடைவாயில் இருக்கிறது. கேப்டன் காட்டன் கால்வாய் பக்கிங்காம் கால்வாயில் சேர்கிறது. அது எண்ணூர் கழிமுகம் வழியே கடலைத் தொடுகிறது. கடலின் ஓதம் (அலையேற்றம்) ஏறும்போதும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்போல் கடலும் ஆறும் ஒருசேரப் பெருகும்போதும், கால்வாய் மட்டம் வடிகால் வாயைத் தாண்டிவிடும். பிறகு தெருத் தண்ணீர் வெளியேறாது; கால்வாய்த் தண்ணீர் சாக்கடையோடு வீட்டுக்குள் வரும். கடல் மட்டம் உயர உயர இந்த நிலை நீடிக்கும் நேரமும் கூடும்.

ஆகவே ஒவ்வொரு கடைவாயிலும் ஃப்ளாப் கேட் எனப்படும் ஒருவழிக் கதவு வேண்டும். கதவு மட்டும் போதாது. பிளாஸ்டிக் பையும் தென்னை மட்டையும் கீலில் சிக்கினால் கதவு பாதி திறந்தே நின்றுவிடும். அதற்கு முன்னால் 5 செ.மீ. இடைவெளியில் கம்பிச் சல்லடையும் வண்டல் தொட்டியும் வேண்டும். மழைக்காலத்தில் இரண்டையும் தினமும் வழித்தெடுக்கப் பொறுப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும்.

கதவு மூடியிருக்கையில் உள்ளே பெய்யும் மழையை இறைத்தே ஆகவேண்டும். ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. மழை பெய்தால் ஒரு ஹெக்டேரில் 5 லட்சம் லிட்டர். சிமென்ட் தரையும் தகரக் கூரையுமான தெருக்களில் பெரும்பகுதி வடிகாலுக்குத்தான் வரும். பம்பின் திறனை இந்தக் கணக்கில் முடிவு செய்யுங்கள். மின் மோட்டார் வேண்டாம்; தண்ணீர் ஏறியதும் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள், பம்ப் தேவைப்படுவதே அப்போதுதான். டீசல் பம்பை 2023 வெள்ளக் குறிக்கு 60 செ.மீ. மேலே மேடை கட்டி வையுங்கள். தெருவோர மின் பகிர்வுப் பெட்டிகளான பில்லர் பாக்ஸ்களையும் அந்த உயரத்துக்கு உயர்த்துமாறு மின்வாரியத்துக்கு எழுத வேண்டுகிறோம்.

பழைய தாரைச் சுரண்டாமல் புதுச்சாலை போடுவதால் வாசற்படிகள் தெருவுக்குக் கீழே போய்விட்டன. முறைக்கு 4 செ.மீ. என்றாலும் ஐந்து முறையில் 20 செ.மீ.; ஒரு படி போய்விட்டது. பழைய தாரைச் சுரண்டும் (மில்லிங்) ஆழத்தையும் முடிந்த சாலையின் மட்டத்தையும் ஒப்பந்தத்தில் எழுதி, அளந்த பிறகே பில் தொகை வழங்க வேண்டும். வடிகாலிலிருந்து வாரியெடுத்த வண்டலை அன்றே லாரியில் ஏற்ற வேண்டும்; ஓரத்தில் குவித்தால் அடுத்த மழைக்கு மீண்டும் உள்ளே போகும்.

நிவாரண மையத்துக்கு மாடியிலேயே கழிப்பறையும் குடிநீர்த் தொட்டியும் உள்ள பள்ளியைத் தேர்ந்தெடுங்கள். வெப்ப அலையைத் தமிழக அரசு 2024-இல் மாநிலப் பேரிடராக அறிவித்திருப்பதால், தகர, ஆஸ்பெஸ்டாஸ் கூரைகளுக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சையும் இத்திட்டத்தில் சேர்க்கலாம்.

பக்கிங்காம் கால்வாய் நீர்வளத்துறையின் பொறுப்பில் உள்ளதால், அக்டோபருக்கு முன் இரு துறைகளும் சேர்ந்து கடைவாய்களை ஆய்வு செய்ய வேண்டும். ஓதம் இறங்கிய நேரத்தில் வந்தால் எல்லாம் சரியாகவே தெரியும். அமாவாசை அல்லது பௌர்ணமி அன்று, ஓதம் ஏறி நிற்கும் நேரத்தில் வருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பகுதிக் குடியிருப்போர்