வயலுக்குள் தொலைந்த கிணறு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் அயர்லாந்துப் பயணக் கட்டுரையில் லிஸ்கானர் பக்கத்துப் புனித பிரிஜித் கிணற்றைப் பற்றிப் படித்தேன். சுவர் முழுக்க ஜெபமாலைகளும் இறந்தவர்களின் படங்களுமாக இருக்கும் அந்த இடத்துக்கு இன்றும் ஆட்கள் வருகிறார்கள். அதே கிளேர் கவுண்டியில் ஒன்பது வருடமாக இருக்கும் எனக்கு, யாருமே போகாத கிணறுகளைப் பற்றியும் எழுதத் தோன்றியது. அயர்லாந்தில் சுமார் 3,000 புனிதக் கிணறுகள் என்கிறார்கள். பல இப்போது வரைபடத்தில் மட்டும்தான்.

உறை இறக்கிய ஆழக் கிணறு என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் சின்ன ஊற்று. சுற்றிலும் கல், பக்கத்தில் முள்மரம், அதில் வேண்டிக் கட்டிய துணிக்கிழிசல்கள். கிழிசல் மக்க மக்க நோயும் விலகும் என்பது நம்பிக்கை. சில கிணறுகள் கண்ணுக்கு, சில பல்வலிக்கு, சில மருவுக்கு. வலம் வந்து, சுற்றுக்கு ஒரு கூழாங்கல் போட்டு எண்ணுவார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எண்பது தாண்டிவிட்டது. சின்ன வயதில் அம்மாவோடு போன ஒரு கிணற்றைப் பற்றி அடிக்கடி சொல்வார். 1824-ல் தொடங்கிய நில அளவையின் பழைய வரைபடம் இணையத்தில் கிடைக்கிறது. தேடினேன். அவர் சொன்ன வயலின் மூலையிலேயே கிணற்றின் பெயர் இருந்தது. வயல்காரரிடம் கேட்டுக்கொண்டு மார்ச் மாதம் இருவரும் போனோம். ஒரே முட்புதர். வடிகால் வெட்டியபோது தண்ணீர் வேறு பக்கம் திரும்பிவிட்டதாம். சரி, திரும்பிவிடலாம் என்று நான் நினைத்தபோது, கோரை அடர்ந்த இடத்தில் பெரியவர் கைத்தடியை ஊன்றினார். கல்லில் தட்டியது. விலக்கிப் பார்த்தால் மூன்று கல், நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஈரம், பிடி உடைந்த எனாமல் குவளை ஒன்று. தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். "இதில் துணி துவைத்தால் கிணறு கோபித்துக்கொண்டு இடம் மாறிவிடும் என்பாள் அம்மா. இது எங்கேயும் போகவில்லை" என்றார்.

1704-ல் இந்தக் கிணறுகளுக்கு யாத்திரை போவதற்கே தடைச் சட்டம் வந்தது. அதையும் தாண்டி வந்தவற்றை வடிகாலும் குழாய்த் தண்ணீரும் மறக்கடித்துவிட்டன என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகள் சுமார் 50,000 பேர், வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஊர்க் கதைகளை நோட்டுகளில் எழுதினார்கள். புனிதக் கிணறும் அதில் ஒரு தலைப்பு. அந்தப் பக்கங்களையும் இணையத்தில் படிக்கலாம். ஆனால் எந்த வேலிக்குப் பின்னால், எந்த மரத்தடியில் என்று கையைக் காட்ட, போய்வந்த ஒருவர் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

அதனால் இங்கே வேலை பார்க்கும் நம்மவர்களை உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். பக்கத்து வீட்டு முதியவரிடம் ஒருமுறை கேளுங்கள். இடம் தெரிந்தால் படம் எடுத்து, கவுண்டி கவுன்சிலின் பாரம்பரிய அலுவலருக்கு அனுப்புங்கள். நாங்கள் எடுத்ததை அனுப்பிவிட்டோம். குவளையை அங்கேயே வைத்துவிட்டு வந்தோம்.

வாசகி,
கிளேர் கவுண்டி, அயர்லாந்து