உராய்வு என்று எழுதி விசாரணையை முடிக்காதீர்கள்

விருதுநகர் மாவட்டப் பட்டாசு விபத்துகளை விசாரிக்கும் வருவாய், காவல், வெடிபொருள், தொழிலகப் பாதுகாப்புத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். நடுவிலும் அப்புறமும் இரண்டு பேர், நான்கு பேர் என்று போன உயிர்கள் தனி. பெரும்பாலும் மறுநாள் பேப்பரில் அதே வரிதான்: 'மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டு வெடித்தது.' போர்மேன் கைது, உரிமம் தற்காலிக ரத்து, நிவாரணம். அதோடு சரி.

மருந்து உராய்ந்தால் வெடிக்கும் என்பது பட்டாசு ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதைக் கண்டுபிடிக்க விசாரணை எதற்கு?

டொயோட்டா ஆலையில் தாயிச்சி ஓனோ என்ற பொறியாளர், ஒரு பழுதுக்கு 'ஏன்' என்று ஐந்து தடவையாவது கேட்கச் சொன்னார். அவர் காட்டிய உதாரணத்தில் இயந்திரம் நின்றதற்குக் காரணம் ஃபியூஸ் போனது. தோண்டிக்கொண்டே போனால், பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை, எண்ணெய் பம்பின் தண்டு தேய்ந்திருக்கிறது, கடைசியில் வடிகட்டி இல்லாததால் இரும்புத்தூள் உள்ளே போயிருக்கிறது. ஃபியூஸை மட்டும் மாற்றியிருந்தால் இயந்திரம் மறுபடி நின்றிருக்கும்.

நம் ஊரில் போர்மேனைக் கைது செய்வது ஃபியூஸ் மாற்றுகிற வேலைதான். ஏன் உராய்ந்தது என்று கேளுங்கள். கை அவசரப்பட்டது. ஏன்? பீஸ் ரேட் கூலி. எண்ணிக்கை குறைந்தால் வீட்டுக்குக் கொண்டுபோகும் காசு குறையும். நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் ஏன் அத்தனை பேர்? அலுமினியப் பொடி கலந்த மருந்து ஈரம் பட்டால் தானாகவே சூடேறும் என்று தெரிந்தும், மிச்ச மருந்தை ஏன் ராத்திரி முழுக்க வைத்தார்கள்? உரிமம் வைத்திருப்பவரிடமிருந்து அறையை உள்குத்தகைக்கு எடுத்தவர் போட்ட பணத்தைத் தீபாவளிக்குள் எடுத்தாக வேண்டும் என்பதாலா? அச்சங்குளத்தில் உள்குத்தகை நடந்தது செய்தியிலேயே வந்தது. சட்டத்தில் இடமில்லாத அந்தக் குத்தகை, சோதனைக்கு வந்தவர் கண்ணில் ஏன் படவில்லை?

இந்தக் கடைசிக் கேள்வி உங்கள் அலுவலகத்துக்கே வந்து நிற்கும். அங்கே வந்ததும் பலரும் நிறுத்திவிடுகிறார்கள் என்பதே என் கவலை. தயவுசெய்து அதையும் கேட்டு, பதிலை எழுத்தில் வையுங்கள். அறிக்கையைத் தமிழில் வெளியிடுங்கள். எல்லா ஆலை வாசலிலும் ஒட்டுங்கள். தீக்காயப் பிரிவில் கிடப்பவரிடம் வாக்குமூலம் வாங்கும்போது, அன்று காலை எவ்வளவு மருந்து கலந்தார்கள், கலக்கச் சொன்னது யார், கூலி கொடுத்தது யார் என்ற மூன்றையும் கேளுங்கள்.

இப்படிக்கு,
சாத்தூர் வட்டாரத்திலிருந்து ஒருவர்