போல்டர் கிரீக் பாதையைப் பத்தி இப்படியா எழுதுறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழ்ல வந்த கொலராடோ பயணக் கட்டுரையில போல்டர் ஊரைப் பத்தி எழுதினவர், மலை ஏற முடியாதவங்களுக்கு ஓடையோரமா ஒரு கான்கிரீட் பாதை இருக்கு, நேரம் மிச்சம் இருந்தா பாருங்கன்னு ஒரே வரியில முடிச்சுட்டார். அதைப் படிச்சதுல இருந்து எனக்கு மனசே ஆறல. பாறை ஏறினதுக்கு நாலு பக்கம், படம் வேற. ஊரு நடுவுல ஓடுற போல்டர் கிரீக்ங்கிற அந்த ஓடைக்கு ஒரு வரி, அதுவும் மிச்ச நேரத்துக்கு. உங்க பார்வையைத் தாண்டித்தானே அந்த வரி அச்சுக்குப் போயிருக்கும், அதான் உங்களுக்கே எழுதுறேன்.

என் மாமனாருக்கு இதயத்துல ஸ்டென்ட் வெச்சிருக்கு, மாமியாருக்கு ரெண்டு முழங்காலும் தேய்ஞ்சு போச்சு. கோடையில ரெண்டு பேரும் எங்ககூட வந்து இருக்கும்போது மலைன்னு அவங்க பார்க்குறது அந்தப் பாதையில இருந்துதான். காட்டன்வுட் மர நிழல்ல, தண்ணி சத்தம் காதுல விழுந்துட்டே இருக்க, லைப்ரரி பக்கத்துல இருந்து மேற்கால ஈபன் ஜி ஃபைன் பார்க் வரைக்கும் மெதுவா நடப்போம். ரோடு குறுக்கிடற இடத்துல எல்லாம் பெரும்பாலும் அண்டர்பாஸ் போட்டிருக்காங்க, அதனால சிக்னல்ல நின்னு ஓடிக் கடக்கிற பயம் கிடையாது. மே கடைசியிலயும் ஜூன்லயும் பனி உருகி வர்ற தண்ணி பாறையில மோதி வெள்ளையா பொங்குறத பாத்து மாமியார் பேச்சே இல்லாம நின்னாங்க. அவங்களுக்கு அதுதான் மலை. அது மிச்ச நேரத்துல பார்க்குற விஷயம் இல்லீங்க.

சுலபமான பாதைன்னா அதைப் பத்தி எழுத ஒண்ணுமே இல்லன்னு உங்க ஆட்கள் நினைக்கிறாங்க, அதுதான் எனக்குப் புரியல. ஒரு ஊரு நடுவுல இருக்கிற விலைமதிப்பான இடத்தை ஓடைக்குன்னு விட்டு வெச்சிருக்காங்களே, எப்படி வந்துச்சு அது? 1894ல பெரிய வெள்ளம் வந்து பாலங்களை எல்லாம் அடிச்சிட்டுப் போச்சு. அப்புறம் 1910ல ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட் ஜூனியர்னு பூங்காக்களை வடிவமைக்கிறவர் ஒருத்தர் அந்த ஊருக்காக ஒரு அறிக்கை எழுதினார், வெள்ளம் பாயுற இடத்துல கட்டடம் கட்டாம அதைப் பார்க்கா வெச்சுக்கோங்க, தண்ணி வந்தா அது பாட்டுக்குப் போகட்டும்னு. பிறகு கில்பர்ட் வைட்னு ஒரு புவியியல் பேராசிரியர், கொலராடோ யூனிவர்சிட்டியில இருந்தவர், வெள்ளத்தை அணை கட்டித் தடுக்கிறது மட்டும் போதாது, மனுஷன் தள்ளி இருக்கணும்னு வாழ்நாள் முழுக்க சொன்னவர், அவர் நினைவா ஓடையோரத்துல ஒரு தூண் வெச்சிருக்காங்க. 100 வருஷ வெள்ளம், அதாவது எந்த வருஷத்துலயும் வர நூத்துல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிற வெள்ளம், அதை விட அபூர்வமான 500 வருஷ வெள்ளம், இதெல்லாம் வந்தா தண்ணி எவ்வளவு உயரத்துக்கு வரும்னு அதுல குறிச்சிருக்கு. என் மாமனார் பக்கத்துல போய் நின்னு அண்ணாந்து பாத்தார். கட்டுரை எழுதினவர் அந்த வழியா நடந்திருந்தா இது கண்ணுல படாம இருந்திருக்குமா?

அந்த வெள்ளம் கதை ஒண்ணும் பழசு இல்ல. 2013 செப்டம்பர் 12ந்தேதி ஒரே நாள்ல 9 அங்குலத்துக்கு மேல மழை கொட்டிச்சு போல்டர்ல. பாதையோட அண்டர்பாஸ் எல்லாம் தண்ணி. மலையில மேல எங்கயோ மழை பெஞ்சா கீழ வெயில் அடிக்கும்போதே ஓடை ஏறும், அதனாலதான் எச்சரிக்கை சைரன் வெச்சிருக்காங்க, அது கேட்டா உடனே மேடான இடத்துக்குப் போகணும், அண்டர்பாஸுக்குள்ள கால் வைக்கவே கூடாது. வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு இதை ஒரு வரி சொல்லியிருக்கலாமே.

இன்னொண்ணும் சொல்லணும். சுலபம்னு சொல்லிட்டா போதுமா? ஊரே 5,430 அடி உயரத்துல இருக்கு, கடல் மட்டத்துல இருந்து நேரா வர்றவங்களுக்கு சமதளத்துலயே மூச்சு வாங்கும். பாதை பாக்கறதுக்கு சமமா தெரிஞ்சாலும் மேற்கால போனா ஏத்தம், கிழக்கால போனா இறக்கம். முதல்ல கிழக்கால இறங்கிப் போயிட்டா, திரும்பி வரும்போது களைச்ச காலோட ஏறணும், அதனால வயசானவங்க மேற்கால ஆரம்பிக்கிறதுதான் நல்லது. மொத்தம் 5 மைலுக்கு மேல, பூரா நடக்கணும்னு இல்ல. மேற்கால மலைப் பள்ளத்தாக்குக்குள்ள போகப்போக கான்கிரீட் போய் சரளை வந்துரும், வீல்சேர் தள்ள அங்க சிரமம். சைக்கிளுக்கு மணிக்கு 15 மைல்தான் வேக வரம்பு, ஆனா அந்த வேகத்துலயே பின்னாடி வந்து, இடது பக்கமா முந்திப் போறேங்கிறதுக்கு இடது பக்கம்னு கத்துனா காது சரியா கேக்காதவங்க திடுக்கிட்டு அந்தப் பக்கமே நகர்ந்துடறாங்க, என் மாமியாருக்கு அப்படி ஆகி சைக்கிள் உரசாத குறை. இதெல்லாம் எழுத வேண்டிய விஷயமா இல்லையா?

கோபத்துக்குக் காரணம் இந்த ஒரு இதழ் மட்டும் இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஏரியைச் சுத்தற பாதை, குடும்பத்தோட போகலாம், சுலபம்னு போட்டிருந்தீங்க. நம்பிப் போனோம். போய்ப் பாத்தா முழங்கால் உயரத்துக்குக் கல் படி, பிடிச்சுக்க ஒரு கம்பி கூட இல்ல, மாமியார் கண்ணுல தண்ணியோட காருக்குத் திரும்பி வந்து உக்காந்துட்டாங்க, அவங்களாலதான் எல்லாருக்கும் பயணம் கெட்டுப் போச்சுன்னு வழியெல்லாம் சொல்லிட்டே வந்தாங்க. அதைப் பத்தி அப்பவே உங்களுக்கு எழுதினேன். அழகா எழுதறீங்கன்னு நான் பாராட்டின முதல் பத்தியை மட்டும் போட்டுட்டு மீதியை எடுத்துட்டீங்க. பல வருஷமா வாங்கிப் படிக்கிற பத்திரிகை, ஆசிரியர் கையில அதிகாரம் இருக்கு, ஒத்துக்கறேன், ஆனா அன்னைக்கு எனக்கு வலிச்சுது.

உங்க வாசகர்கள்ல பாதிப் பேருக்கு வயசு என்னன்னு என்னை விட உங்களுக்கு நல்லாத் தெரியும். வாக்கர் வெச்சிருக்கிறவங்க, ஆபரேஷன் ஆகி இப்பதான் எழுந்து நடக்கிறவங்க, ஸ்ட்ரோலர்ல குழந்தையை வெச்சுத் தள்ற பொண்ணுங்க, இவங்க எல்லாம் சந்தா கட்டலையா? உச்சிக்குப் போறவங்களைப் பத்தி எழுதுங்க, வேண்டாங்கல. ஆனா மத்தவங்களை நடக்க முடியாதவங்கன்னு ஒரே வார்த்தையில ஒதுக்காதீங்க. அந்தப் பாதையில என் மாமனார் நடந்தார்.

நான் கேக்கிறது சின்ன விஷயம்தான். பயணக் கட்டுரை ஒவ்வொண்ணுக்கும் கீழ ஒரு சின்னக் கட்டம் போடுங்க. எவ்வளவு தூரம், தரை கான்கிரீட்டா சரளையா, படி இருக்கா, உக்கார பெஞ்ச் எவ்வளவு தூரத்துக்கு ஒண்ணு, ரெஸ்ட்ரூம் எங்க, குளிர்காலத்துல நிழல் விழற இடத்துல ஐஸ் கட்டுமா. ஏத்தம் எவ்வளவுன்னும் போடுங்க, அமெரிக்காவுல 20 அடி தூரத்துக்கு 1 அடிக்கு மேல ஏறினா அதைச் சாய்தளமா கணக்கு வெச்சு விதியே தனியா வெச்சிருக்காங்க, அந்த அளவை ஒட்டிச் சொன்னா வீல்சேர் தள்றவங்களுக்குப் புரியும். எழுதறவர் அந்தப் பாதையில ஒரு தடவை நேர்ல நடந்தாலே இது எல்லாம் கிடைச்சிரும்.

இந்தத் தடவையாவது கடிதத்தை முழுசா போடுங்க. இடம் இல்லன்னா நான் மேல சொன்ன குடும்ப விஷயத்தை எடுத்துருங்க, அந்த வெள்ளம், சைரன் பத்தின பகுதியை மட்டும் எடுக்காதீங்க.

இப்படிக்கு,
பல வருஷ வாசகி,
கொலராடோ