ஆய்வகத்துக்குள் ஒரு அலமாரி வேண்டும்

சேலம் வட்டாரக் கல்லூரிகளின் இயற்பியல் துறைத் தலைவர்களுக்கும் நூலகக் குழுவினருக்கும் வணக்கம்.

மூன்றாம் ஆண்டு பி.எஸ்சி. செய்முறை வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு வேண்டுகோள். ஆய்வகத்துக்குள்ளேயே, பூட்டில்லாத ஒரு அலமாரியில், ஐந்து நல்ல புத்தகங்களை வையுங்கள். நூலகத்தில் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். கண்ணாடி பீரோவுக்குள் ரெஃபரன்ஸ் முத்திரையோடு நிற்கும் புத்தகம், ஒளியின் கோணங்களை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இல்லாத புத்தகம்தான்.

இருட்டறையில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சோடியம் விளக்கு எரிகிறது. ஒரு மாணவி கிரேட்டிங்கை (நெருக்கமாகக் கோடுகள் கீறிய, ஒளியைப் பிரிக்கும் தகடு) வைத்து, இடமும் வலமும் கோணத்தைப் பொறுமையாக அளந்து, கணக்குப் போட்டு, அந்த மஞ்சள் ஒளியின் அலைநீளம் 5840 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) என்று எழுதினாள். பக்கத்து மேசையை எட்டிப் பார்த்தாள். ரப்பரை எடுத்து அழித்துவிட்டு, புத்தகத்தில் உள்ள மதிப்பான 5893 என்று எழுதினாள். ரெக்கார்டில் கையெழுத்தும் விழுந்தது. போட்டவன் நான்.

அன்றைய பாடம் முழுக்க அந்த 53 ஆங்ஸ்ட்ராமில்தான் இருந்தது. அங்குலத்துக்கு 15,000 கோடுகள் உள்ள கிரேட்டிங்கில், கோணத்தை நுணுக்கமாகக் காட்டும் வெர்னியர் அளவுகோலில் ஒரு நிமிடக் கோணம் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) தவறினால் அலைநீளம் சுமார் 5 ஆங்ஸ்ட்ராம்தான் மாறும். அப்படியானால் மீதி எங்கிருந்து வந்தது? கிரேட்டிங் கதிருக்குச் செங்குத்தாக நிற்கவில்லையா? அதன்மேல் அச்சடித்த கோட்டு எண்ணிக்கையே சரியில்லையா? இந்தக் கேள்விகளைக் கேட்கச் சொல்லித்தருவது ஜான் டெய்லரின் பிழைப் பகுப்பாய்வு நூல். அதன் அட்டையில், 1895-இல் பாரிஸ் மோம்பர்னாஸ் நிலையத்தின் சுவரை உடைத்துக்கொண்டு தெருவில் தலைகுப்புற விழுந்த ரயில் எஞ்சின் இருக்கும். பிள்ளைகள் அந்தப் படத்துக்காகவே கையில் எடுப்பார்கள். இதில் மட்டும் மூன்று பிரதி வாங்குங்கள்.

அடுத்து ஸ்குவயர்ஸ் எழுதிய 'பிராக்டிகல் பிசிக்ஸ்'. சின்னப் புத்தகம்தான். அளவீட்டை எடுத்த அந்த நொடியே நேராக நோட்டில் எழுத வேண்டும் என்பதை அவ்வளவு தெளிவாகச் சொல்கிறது. துண்டுத்தாளில் குறித்து, அப்சர்வேஷன் நோட்டுக்கு மாற்றி, பிறகு ரெக்கார்டில் அழகாக நகலெடுக்கும் நம் பழக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

மற்ற மூன்றும் கொஞ்சம் கனமானவை: மெலிசினோஸின் நவீன இயற்பியல் சோதனைகள் (முதற்பதிப்பு 1966, நெப்போலிட்டானோவோடு சேர்ந்து எழுதிய இரண்டாம் பதிப்பையே வாங்குங்கள்), துகள் உணர்கருவிகளுக்கு லியோ, மின்னணுச் சுற்றுகளுக்கு ஹோரோவிட்ஸும் ஹில்லும்.

பட்டப்படிப்புக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்பீர்கள். நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. நகரத்தைவிட ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம். கதிர்வீச்சை எண்ணும் குழாயான கெய்கர் எண்ணியை மேலே கொண்டுபோனால், விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களால் எண்ணிக்கை கூடும். ஆனால் கூடியதெல்லாம் வானத்திலிருந்து வந்ததா, சேர்வராயன் மலைப் பாறையிலிருந்தும் வந்ததா? ஒற்றைக் குழாயால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டிலும் ஒரே கணத்தில் பதிவதை மட்டும் எண்ண வேண்டும். ஏன் என்று லியோ விளக்குவார். அந்தச் சுற்றைக் கட்ட ஹோரோவிட்ஸ் வேண்டும். இப்படி எண்ணுவதில் பிழை என்பது எண்ணிக்கையின் வர்க்கமூலம்: 100 எண்ணினால் பிழை 10, அதாவது பத்து சதவீதம். 10,000 எண்ணினால் 100, ஒரே சதவீதம். மேலே எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை, பஸ் ஏறுவதற்கு முன்பே டெய்லரை வைத்து மாணவர்களே கணக்கிட்டுவிடலாம்.

மொழிச் சிக்கலையும் மறைக்க விரும்பவில்லை. ஆத்தூரிலிருந்தும் ஓமலூரிலிருந்தும் தமிழ் வழியில் படித்து வரும் பிள்ளைகள், இந்த ஆங்கிலப் பக்கங்களைப் பார்த்ததும் மூடிவிடுவார்கள். புத்தகத்தை வாங்கி அடுக்குவதோடு நம் வேலை முடியாது. வாரத்தில் ஒரு மணி நேரமாவது ஆசிரியர் கூட உட்கார்ந்து, இரண்டு பக்கம் படித்து, தமிழில் பேச வேண்டும். நான் செய்து பார்த்திருக்கிறேன். நாலாவது வாரத்தில் கேள்விகள் அவர்களிடமிருந்தே வரத் தொடங்கின.

மதிப்பெண் விஷயத்திலும் ஒன்று செய்யுங்கள். விடை 5893-க்கு எவ்வளவு பக்கம் என்று பார்த்து மார்க் போடாமல், தன் பிழையை எவ்வளவு நேர்மையாகக் கணித்திருக்கிறாள் என்று பார்த்துப் போடுங்கள். எக்ஸ்டர்னலாக (வெளிக் கல்லூரியிலிருந்து தேர்வு நடத்த) வருபவர்களிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

அலமாரி வந்ததும் சொல்லியனுப்புங்கள். என்னிடமுள்ள டெய்லரையும் ஸ்குவயர்ஸையும் நானே கொண்டுவந்து தருகிறேன். ஓரங்களில் பென்சிலால் நிறைய எழுதி வைத்திருக்கிறேன், தப்பாய்ப் போட்ட கணக்குகள் உட்பட. அவற்றை அழிக்காமல் அப்படியே பிள்ளைகள் கையில் கொடுங்கள்.

அன்புடன்,
ஓர் இயற்பியல் ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.